கைராசி

நம் ஊரில் ஒரு டாக்டருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பட்டத்தை எந்தச் சர்வகலாசாலையும் கொடுப்பதில்லை. ஜனங்கள் கொடுக்கிறார்கள். 'கைராசிக்காரர்' என்பது அந்தப் பட்டம். மற்றப் பட்டங்களெல்லாம் வாசலில் பெயர்ப் பலகையில் தொங்கும். இது ஒன்றுதான் ஊரார் வாயில் இருக்கும். "அவர் நாடியைப் பிடித்தாலே பாதி ஜுரம் இறங்கிவிடும்" என்பார்கள். "அந்த அம்மாள் கை பட்டால் பிரசவம் சுகமாக ஆகும்" என்பார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் நல்ல டாக்டரை விட்டுவிட்டு, கைராசியைத் தேடி மூன்று பஸ் மாறிப் போகிறவர்கள் உண்டு.

நானும் அதை நம்பினவன்தான். என் கதைகளிலேயே இரண்டு மூன்று கைராசி டாக்டர்கள் நடமாடுகிறார்கள். சிரித்த முகம், வெள்ளைக் கோட்டு, நோயாளியின் நெற்றியில் மிருதுவாக வைக்கும் கை. இவ்வளவு எழுதிவிட்டால் டாக்டர் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை நோயாளியின் நெற்றிக்கு வருவதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று ஒரு கதையிலும் நான் கேட்டதில்லை. எந்த வாசகரும் அப்படிக் கேட்டு எனக்குக் கடிதம் எழுதினதில்லை. ஒரு வார்டில் நான் கழித்த 43 நாட்கள்தாம் அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக் கொடுத்தன.

என் அத்தைக்கு வயது 74. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெரிய டாக்டர் எலும்பு சிகிச்சையில் நிபுணர். கைராசிக்காரர் என்றும் சொன்னார்கள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. பத்து நாளில் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். பெண்கள் வார்டில் அத்தைக்கு ஏழாம் நம்பர் படுக்கை.

நாலாம் நாள் காலை 9 மணிக்குப் பெரிய டாக்டர் தம் பரிவாரத்தோடு வந்தார். ஐந்தாம் நம்பரில், சர்க்கரை வியாதியால் காலில் ஆறாத புண்ணோடு ஒரு மூதாட்டி. கட்டைப் பிரிக்கச் சொல்லி, புண்ணின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். ஆறாம் நம்பரில் ஒரு பெண்ணின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஏழாம் நம்பருக்கு வந்து, அத்தையின் தையல் மேல் போட்டிருந்த துணியைத் தூக்கி, அதே விரலால் தடவிப் பார்த்து, "நன்றாக ஆறுகிறது, பாட்டி" என்றார். மூன்று படுக்கைகளுக்கு நடுவில் அவர் கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. சுவரில் சானிடைசர் பாட்டில் ஒன்று மாட்டியிருந்தது, அது காலி. வார்டின் கோடியில் ஒரு குழாயும் தொட்டியும் இருந்தன. சோப்புப் பெட்டியில் சோப்பு இல்லை.

கடைசிப் படுக்கையும் முடிந்த பிறகு டாக்டர் தம் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. அங்கே அவர் சோப்புப் போட்டு, நகக்கண் விடாமல் தேய்த்து, இரண்டு கைகளையும் வெகு நேரம் கழுவினார். சலவைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு காபி சாப்பிட்டார்.

அந்தக் காட்சியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அந்த மனிதருக்குக் கை கழுவத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். மிக அழகாகக் கழுவத் தெரியும். தம்முடைய காபிக்காகக் கழுவினார். என் அத்தையின் தையலுக்காகக் கழுவவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் நான் கேட்டுவிட்டேன். "டாக்டர், தப்பாக நினைக்கக் கூடாது. ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்கு வரும்போது கையைக் கழுவிக்கொண்டால்..." என்று இழுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். "இருபத்தெட்டு வருஷமாக இதே கையால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சார்" என்று சொல்லிவிட்டு எட்டாம் நம்பருக்குப் போனார். பரிவாரமும் சிரித்துக்கொண்டே பின்னால் போயிற்று.

அத்தை என் மணிக்கட்டைக் கிள்ளினாள். "ஏன்டா உனக்கு இந்த வம்பு? நீ சாயந்திரம் வீட்டுக்குப் போயிடுவே. ராத்திரி எனக்கு ஊசி போட வரப் போறது அவங்கதானே?" என்றாள்.

ஆறாம் நாள் அத்தைக்கு ஜுரம் கண்டது. எட்டாம் நாள் தையல் சிவந்து சீழ் கோத்தது. மறுபடியும் ஆபரேஷன். நாளுக்கு மூன்று வேளை விலை உயர்ந்த மருந்துகள். பத்து நாள் என்றது 43 நாள் ஆயிற்று. அத்தையின் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் தினம் மூன்று தெரு நடந்து கோயிலுக்குப் போய்வந்தவள், இப்போது கைத்தடியோடு வாசல் திண்ணை வரை வருகிறாள்.

அந்தக் கிருமி பெரிய டாக்டரின் விரலிலிருந்துதான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆபரேஷன் மேஜையிலிருந்து வந்திருக்கலாம். அத்தையின் சொந்தத் தோலிலிருந்தே வந்திருக்கலாம். யாரும் நிரூபிக்க முடியாது. இந்தக் குற்றத்துக்கு உள்ள பெரிய சௌகரியமே அதுதான். கத்தியால் குத்தினவனின் கைரேகை கத்தியில் விழுந்துவிடுகிறது. கழுவாத கை எந்த ரேகையையும் விட்டுவிட்டுப் போவதில்லை.

ஆனால் ஒரு நோயாளியிடம் நிரூபிக்க முடியாததை ஆயிரம் நோயாளிகளிடம் நிரூபிக்கலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ம் வருஷம் ஒரு கணக்கை வெளியிட்டது. பணக்கார நாடுகளில், ஆஸ்பத்திரியில் சேருகிற 100 பேரில் 7 பேருக்கு, வந்த வியாதி போதாதென்று ஆஸ்பத்திரியிலேயே புதிதாக ஒரு தொற்றும் சேர்ந்துகொள்கிறது. மற்ற நாடுகளில் 100-க்கு 15 பேர். இப்படித் தொற்று வாங்கிக்கொண்டவர்களில் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். கைச் சுத்தத்தையும் அதைப் போன்ற செலவு குறைந்த சில வழிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் இந்தத் தொற்றுகளில் 70 சதவிகிதம் வரை தடுத்துவிடலாம் என்றும் அந்த ஸ்தாபனமே சொல்கிறது. புது மருந்து வேண்டாம், புது யந்திரம் வேண்டாம். இருக்கிற கையைக் கழுவினால் போதும் என்கிறது. அதுதான் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை? தெரியாததால் என்று சொல்லிவிட முடியாது. தெரிந்து 175 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கதையை இங்கே சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் பெரிய டாக்டரின் சிரிப்பு அந்தக் கதையிலும் வருகிறது.

வியன்னா நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. முதல் பகுதியில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாம் பகுதியில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1846-ம் வருஷம், மருத்துவச்சிகள் பகுதியில் 100 தாய்மார்களுக்கு 3 பேர்கூட இறக்கவில்லை. டாக்டர்கள் பகுதியில் 100-க்கு 11 பேருக்கு மேல் பிரசவ ஜன்னியில் இறந்தார்கள். நகரத்து ஏழைப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தங்களை முதல் பகுதியில் சேர்க்க வேண்டாமென்று மண்டியிட்டு அழுதார்கள். படித்தவர்களோ, காற்றைக் காரணம் சொன்னார்கள். கூட்டத்தைக் காரணம் சொன்னார்கள். மரணத் தறுவாயில் இருக்கிறவர்களுக்காக மணியடித்துக்கொண்டு வார்டு வழியாகப் போகும் பாதிரியாரைக் கண்டு பெண்கள் பயந்து சாகிறார்களோ என்றுகூடப் பார்த்து, மணியை நிறுத்திப் பார்த்தார்கள். மணி நின்றது, மரணம் நிற்கவில்லை.

அங்கே ஹங்கேரியிலிருந்து வந்த இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் வேலை பார்த்தார். 1847 மார்ச்சில் அவருடைய நண்பரான கொல்லெச்கா என்ற டாக்டர் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி தவறுதலாக அவர் விரலில் பட்டுவிட்டது. அந்தக் காயம் விஷமாகி ஆளைக் கொண்டுபோயிற்று. நண்பரின் உடலைப் பரிசோதித்த குறிப்புகளைப் படித்தபோது ஸெம்மல்வைஸ் திடுக்கிட்டார். ஜன்னியில் செத்த தாய்மார்களின் உடலில் கண்ட அதே அடையாளங்கள்! காலையில் பிரேதங்களை அறுத்த கையோடு டாக்டர்களும் மாணவர்களும் பிரசவ வார்டுக்கு வருகிறார்கள்; மருத்துவச்சிகளுக்குப் பிரேத அறையில் வேலை இல்லை. விடை கிடைத்துவிட்டது.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்ளச் சொல்லுகிறேன். வருஷம் வருஷமாக நூற்றுக்கணக்கான தாய்மார்கள் இறந்தார்கள். அந்த மரணங்கள் கணக்காக மட்டுமே இருந்தன. ஒரு டாக்டர் அதே மாதிரி இறந்தபோதுதான் விடை கண்ணில் பட்டது. ஸெம்மல்வைஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பெண்களுக்காக உள்ளம் நொந்தவர் அவர் ஒருவர்தாம். நம் கண்கள் எந்தப் பக்கம் திரும்பினால் துலங்குகின்றன என்பதற்காகச் சொல்லுகிறேன்.

1847 மே மாதம் ஒரு சட்டம் போட்டார்: பிரசவ வார்டுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கையைக் கழுவ வேண்டும். ஏப்ரல் மாதம் 100-க்கு 18 பேரைக் கொன்ற ஜன்னி, ஜூன் மாதம் 100-க்கு 2 பேரோடு நின்றது. 1848-ம் வருஷம் முழுவதும் முதல் பகுதியில் 3,556 பிரசவங்கள், 45 மரணங்கள். மருத்துவச்சிகளின் பகுதிக்கும் டாக்டர்களின் பகுதிக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று.

அந்த மனிதரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. 'அப்படியானால் இத்தனை நாள் நாங்களா கொன்றோம்?' என்ற கேள்வி பெரியவர்களுக்குச் சகிக்கவில்லை. 1850-ல் அவர் வியன்னாவை விட்டே போய்விட்டார். நயமாகப் பேசத் தெரியாதவர். எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். 1865-ல் அவரை ஒரு பைத்தியக்கார விடுதியில் கொண்டுபோய் அடைத்தார்கள். இரண்டு வாரத்தில், உடம்பில் ஏற்பட்ட காயம் விஷமாகி இறந்தார். வயது 47. எந்த விஷத்தை ஊரார் கையிலிருந்து கழுவப் பார்த்தாரோ அந்த விஷமே அவரைக் கொன்றது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் இதே வழக்கு நடந்தது. பிரசவ ஜன்னி, டாக்டர்களின் வழியாகவும் நர்சுகளின் வழியாகவும் பரவுகிறது என்று 1843-ல் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதினார். பிலடெல்பியாவில் பிரசவ வைத்தியப் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் மெய்க்ஸ் அதை ஏற்கவில்லை. டாக்டர்கள் கனவான்கள், கனவான்களின் கை சுத்தமானது என்பது அவருடைய கட்சி. "இருபத்தெட்டு வருஷமாக இதே கையால்தான் பார்க்கிறேன்" என்று சொன்ன நம் டாக்டரின் சிரிப்பு இப்போது உங்கள் காதில் விழுகிறதா?

மெய்க்ஸை நாம் ஏளனம் செய்வதற்கு முன்னால் நம் வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம். சுத்தத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்பது நம் எண்ணம். வெளியே போய் வந்தால் கால் கழுவுகிறோம். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகுகிறோம். சாப்பிட உட்காருமுன் கை கழுவுகிறோம். மடி என்றும் தீட்டு என்றும் எத்தனை விதிகள் வைத்திருந்தோம்! அவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் பிறரால் நமக்கு ஏதும் வந்துவிடக் கூடாதே என்பதற்காக ஏற்பட்டது. நம்மால் பிறருக்கு ஏதும் போய்விடக் கூடாதே என்பதற்காக ஏற்பட்ட விதி ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். வாசலைப் பெருக்கிக் குப்பையைத் தெருவில் தள்ளுகிறவர்கள் நாம். நம்முடைய சுத்தம் நம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது.

அந்தச் சுத்தம் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்துவிட்டது. என் கட்சி இதுதான்: டாக்டரும் நர்சும் கை கழுவாதவர்கள் அல்லர், தங்களுக்காகக் கழுவுகிறார்கள், நமக்காகக் கழுவுவதில்லை.

இது என் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ல் வகுத்துக் கொடுத்தது. நோயாளியைத் தொடுமுன், ஊசி, தையல், குழாய் போன்ற சுத்தமான காரியங்களைச் செய்யுமுன், இரத்தமோ சீழோ பட்டிருக்கக்கூடிய வேலை முடிந்த பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியின் கட்டிலையோ மேஜையையோ தொட்ட பின். இரண்டு 'முன்', மூன்று 'பின்'. 'முன்' இரண்டும் நேராக நோயாளியைக் காப்பவை. 'பின்' மூன்றும் கழுவுகிறவரையும் மற்றவர்களையும் காப்பவை. பல நாடுகளில் கணக்கெடுத்தவர்கள் கண்டது என்ன தெரியுமா? 'பின்' கழுவுகிறவர்கள் அதிகம். 'முன்' கழுவுகிறவர்கள் குறைவு.

ரப்பர் கையுறையைப் பாருங்கள். "கையுறை போட்டிருக்கிறேனே" என்பார்கள். அந்தக் கையுறையோடு ஒரு நோயாளியின் மூத்திரப் பையைப் பிடித்து, கதவுக் குமிழைத் திருகி, போனை எடுத்துப் பேசி, அதே கையுறையோடு அடுத்த நோயாளியின் கையில் ஊசிக்கு நரம்பு தேடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். கையுறைக்குள் அவர் கை பத்திரமாக இருக்கிறது. நோயாளிக்கு அது இன்னொரு அழுக்குக் கை. நோயாளிக்கு நோயாளி கையுறையை மாற்ற வேண்டும், மாற்றும்போது கையையும் சுத்தம் செய்ய வேண்டும் என்பது விதி. கையுறை கை கழுவுவதற்குப் பதில் ஆகாது.

2020-ல் கொரோனா வந்தபோது என்ன நடந்தது? மளிகைக் கடை வாசலில்கூடச் சானிடைசர் வைத்தோம். ஆஸ்பத்திரிகளிலும் கை கழுவும் கணக்கு மளமளவென்று ஏறியது. அப்போது மட்டும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நேரம் எங்கிருந்து வந்தது? பயத்திலிருந்து வந்தது. தனக்கு வந்துவிடுமே என்ற பயம். பயம் தணிந்ததும் பாட்டில்கள் காய்ந்தன. என் அத்தையின் வார்டில் சுவரில் தொங்கிய காலிப் பாட்டில் அந்தப் பயத்தின் எலும்புக்கூடுதான்.

ஆனாலும் மனிதர்களைப் பற்றி எனக்கு அவநம்பிக்கை இல்லை. கதை எழுதுகிறவனுக்கு அது கட்டுப்படியாகாது. ஆடம் கிராண்ட், டேவிட் ஹாஃப்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் சோப்பு, சானிடைசர் வைத்த இடங்களில் அறிவிப்புகள் ஒட்டினார்கள். சில இடங்களில், கைச் சுத்தம் உங்களை வியாதியிலிருந்து காக்கும் என்ற பொருளில். சில இடங்களில், கைச் சுத்தம் நோயாளிகளை வியாதியிலிருந்து காக்கும் என்ற பொருளில். ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசம். முதல் அறிவிப்பால் எந்தப் பலனும் இல்லை. இரண்டாவதை ஒட்டிய இடத்தில் சோப்பும் மருந்தும் அதிகமாகச் செலவாயின. என்ன அர்த்தம்? பெரிய கொள்ளைநோய் வந்தால்தான் தன்னைப் பற்றிய பயம் வேலை செய்கிறது. சாதாரண நாட்களில் 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று மனிதன் தைரியமாக இருக்கிறான். எதிரே படுத்திருப்பவரை நினைவுபடுத்தினால் அவன் மனம் அசைகிறது. நம் டாக்டர்களும் நர்சுகளும் கல் மனசுக்காரர்கள் அல்லர். நாளுக்கு நூறு உடம்பைத் தொடுகிறவர்களுக்கு, தொடுகிற உடம்பு ஒரு மனுஷியினுடையது என்பது மறந்துபோகிறது. அதைத்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

இனி மறுப்புகளைக் கவனிப்போம். "நேரம் எங்கே சார் இருக்கிறது?" என்று ஒரு நர்ஸ் என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. இரவில் 40 நோயாளிகளுக்கு அவள் ஒருத்தி. ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும்போது ஒரு முறை கழுவினாலும் 40 முறை. சோப்பும் தண்ணீரும் என்றால் ஒரு முறைக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம். வார்டின் கோடியிலுள்ள குழாய்க்கு நடந்து போய்த் திரும்பும் நேரம் வேறு. அவளால் முடியாது; முடியும் என்று சொல்லுகிறவன் ஒரு நாளாவது வார்டில் நின்றிருக்க மாட்டான். ஆனால் சானிடைசருக்கு 20-லிருந்து 30 விநாடி போதும். பாட்டில் படுக்கையின் கால்மாட்டிலேயே இருந்தால் நடக்க வேண்டியதில்லை. அடுத்த நோயாளியை நோக்கி நடக்கும்போதே தேய்த்துக்கொண்டு போகலாம். கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ இரத்தமோ பட்டாலும், சிலவகைப் பேதி நோய்களிலும் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். மற்றபடி இது போதும்.

ஜெனீவா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் இதைச் செய்து பார்த்தார்கள். டிடியே பிட்டே என்ற டாக்டரின் யோசனை. படுக்கைக்குப் படுக்கை பாட்டில் வைத்தார்கள். சுவரெல்லாம் படங்கள் ஒட்டினார்கள். கணக்கெடுத்து ஊழியர்களுக்கே திருப்பிக் காட்டினார்கள். 1994-ல் கை சுத்தம் செய்ய வேண்டிய 100 தருணங்களில் 48-ல்தான் செய்தார்கள். 1997-ல் அது 66 ஆயிற்று. ஆஸ்பத்திரித் தொற்று 100-க்கு 16.9-லிருந்து 9.9-க்கு இறங்கியது. அதே கணக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது. நர்சுகளும் உதவியாளர்களும் திருந்தினார்கள்; டாக்டர்கள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நின்றார்கள். கனவான்களின் கை!

"செலவு?" என்பார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கான கைப்பாகத்தை வெளிப்படையாகக் கொடுத்திருக்கிறது. ஸ்பிரிட், கொஞ்சம் கிளிசரின், துளி ஹைட்ரஜன் பெராக்சைடு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். உரிமை கொண்டாட யாரும் இல்லை. ஆஸ்பத்திரியின் மருந்தறையிலேயே கலந்துகொள்ளலாம். என் அத்தைக்கு ஒரு நாள் ஏற்றிய மருந்தின் விலையில் அந்த வார்டு முழுவதற்கும் எத்தனையோ பாட்டில்களை நிரப்பியிருக்கலாம். வாசல் கூடத்தில் சலவைக்கல் பதித்து, நீரூற்று வைத்து, மீன் தொட்டி வைக்கத் தெரிந்த நிர்வாகிகளுக்குச் சோப்புப் பெட்டியில் ஒரு சோப்பு வைக்கத் தெரியவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். உலகத்து வைத்திய நிலையங்களில் பாதியில், நோயாளியைத் தொடும் இடத்திலும் கழிப்பறையிலும் கை கழுவ வசதி இல்லை என்று 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெபும் சேர்ந்து கணக்குச் சொல்லின. குழாயில் தண்ணீர் வராத கிராமத்து ஆஸ்பத்திரியின் நர்ஸைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. குழாயும் வைத்து, தண்ணீரும் வந்து, சோப்பு மட்டும் இல்லாத இடத்தைத்தான் கேட்கிறேன்.

"மருந்து இருக்கிறதே, கிருமியைக் கொன்றுவிடலாமே" என்பது மூன்றாவது மறுப்பு. எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகள் குடியிருக்கிற இடமே ஆஸ்பத்திரிதான். மருந்தை நம்பிக் கையை மறந்தோம். இன்று மருந்து கையை விரிக்கிறது.

பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, பதவியில் மூத்தவர் கை கழுவாத அறையில் மற்றவர்களும் கழுவுவதில்லை என்று கண்டது. இதற்கு ஆராய்ச்சி வேண்டுமா? பெரிய டாக்டருக்குப் பின்னால் வந்த அந்தப் பரிவாரத்தில் பயிற்சி டாக்டர்கள் இருந்தார்கள். காலேஜில் அவர்களுக்கு ஐந்து தருணங்களையும் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். ஏழாம் நம்பர் படுக்கையில் வேறொரு பாடம் நடந்தது. அந்தப் பாடத்தைத்தான் அவர்கள் ஆயுள் முழுவதும் மறக்கப் போவதில்லை.

அந்த வார்டில் 43 நாட்களும் தவறாமல் கை கழுவின ஒருத்தியை நான் பார்த்தேன். ஆயா. தன் சொந்தச் சோப்பை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இடுப்பில் செருகியிருப்பாள். ஒவ்வொரு பாட்டியையும் துடைத்துவிட்டுக் கோடியில் உள்ள குழாய்க்குப் போவாள். அடுத்தவளைத் தொடுமுன் மறுபடியும் போவாள். "இவங்களுது அவங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதில்லே?" என்றாள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புத்தகம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. பெரிய டாக்டரின் சம்பளத்துக்கும் அவள் சம்பளத்துக்கும் உள்ள தூரத்தை நினைத்துக்கொண்டேன்.

இனி, நம்மைப் பற்றி. வாசகர்களே, இதைப் படித்துவிட்டு "டாக்டர்களே இப்படித்தான்" என்று பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? தனி அறை உண்டா, ஏ.சி. உண்டா, கூட இருப்பவருக்குக் கட்டில் உண்டா, காண்டீன் நன்றாயிருக்குமா? 'உங்கள் ஆஸ்பத்திரியில் போன வருஷம் எத்தனை பேருக்குத் தையல் சீழ் பிடித்தது?' என்று ஒருவராவது கேட்டதுண்டா? கேட்டால் கணக்குச் சொல்ல வேண்டிவரும். கணக்குச் சொல்ல வேண்டிவந்தால் கையும் தானாகச் சுத்தமாகும். நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்று குடும்பத்தோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்து, பஸ் கம்பியைப் பிடித்து வந்த கையாலேயே கன்னத்தைத் தடவிவிட்டு வருகிறோமே, அந்தக் கையும் கணக்கில் சேர்ந்ததுதான்.

கேட்க வேண்டும். பணிவாகக் கேட்கலாம், ஆனால் கேட்டே ஆக வேண்டும். சைக்கிள் கடைக்காரனிடம் "டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தாயா?" என்று கேட்கிற நாம், உடம்பைத் திறந்து காட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது வாயை மூடிக்கொள்கிறோம். ராத்திரி ஊசி போட வருகிறவர்கள் அவர்கள்தானே என்ற அத்தையின் பயம் நம் எல்லோருடைய பயமும்தான். ஒருவர் கேட்டால் அது வம்பு. வார்டில் எல்லோரும் கேட்டால் அது வழக்கம். 'நாங்கள் கை கழுவினோமா என்று தயங்காமல் கேளுங்கள்' என்று ஆஸ்பத்திரியே ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் எழுதி வைத்துவிட்டால் அந்தப் பயமும் போய்விடும். அப்படி எழுதி வைக்க மனமில்லாத ஆஸ்பத்திரி எதற்கோ பயப்படுகிறது என்று அர்த்தம்.

தமிழில் 'கை கழுவிவிட்டார்கள்' என்றால், இனி நமக்கும் இவனுக்கும் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டார்கள் என்று பொருள். ஆஸ்பத்திரியில் மட்டும் அந்தப் பொருள் தலைகீழாகிறது. அங்கே கை கழுவாமல் வருகிறவர்தாம் நம்மைக் கை கழுவிவிட்டவர்.

போன மாதம் அத்தையை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போனேன். வேறோர் இடம். இளம் டாக்டர் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்த நோயாளியை அனுப்பிவிட்டு, அத்தையின் காலை நோக்கிக் கையை நீட்டினார். அத்தை காலை இழுத்துக்கொண்டாள்.

"தம்பி, கையைக் கழுவிட்டு வந்துடுங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டரின் முகம் சிவந்தது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். குழாய்ச் சத்தம் வெகு நேரம் கேட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், "நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள், பாட்டி" என்றார்.

வெளியே வரும்போது அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் பக்கம் சாய்ந்து சொன்னாள்: "இந்தப் பிள்ளை கைராசிக்காரராத்தான் இருப்பார்."